ஐந்தரை மணி நேரம்

நேற்றுக் காலை எங்கள் கூடத்துக் கடிகாரம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. எப்போதும் தப்பான நேரம் காட்டுகிற கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? சிலிண்டர் போட வருகிறவர் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்து, உங்க கடியாரம் தப்பா கீது சார் என்று சொல்லிவிட்டுப் போவார். என் வீட்டுக்காரியும் அதைக் கழற்றுங்கள், இல்லையென்றால் சரியாக வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றி, புது பேட்டரி போட்டு, கையில் கட்டியிருந்ததைப் பார்த்தேன். மணி ஒன்பது. ஐந்தரையைக் கழித்து முள்ளை மூன்றரையில் வைத்தேன். பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் உன் கையெழுத்து: 'உலக டைம், யாரும் தொடாதே.' எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது. மிரட்டல் அப்படியேதான் இருக்கிறது.

உனக்கு நான் ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லிவிடு என்று உன் வீட்டிலிருந்து உத்தரவு வந்தே மூன்று மாதம் ஆகிறது. நான்தான் இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன். உயிரோடு இருக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கவே எனக்கு நாக்கு புரளாது என்பது உனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தவனிடம் எப்படிக் கேட்பது என்று அதையே ஒரு சாக்காக வைத்திருந்தேன். அந்தச் சாக்கும் நேற்றோடு தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ குறுக்கே பேசாமல் கேள்.

நாம் பழக்கமானதே ஓர் இரைச்சலால்தான். இரண்டாயிரத்து எட்டில் நான் கோவில்பட்டியிலிருந்து வந்து, ஒரகடத்தில் கார்க் கதவு செய்கிற கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மோட்டாரைச் சோதிக்கிற மெஷின் என்னுடையது. அது நல்ல மோட்டாரையே திடீர் திடீரென்று ஃபெயில் என்று காட்டியது. நான்தான் ஒழுங்காகப் பொருத்தவில்லை என்று சூப்பர்வைசர் முடிவுகட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் லைனை விட்டு எடுத்துவிடுவேன் என்றார். டிரெய்னியை லைனை விட்டு எடுத்தால் அடுத்து அவன் போய் நிற்கிற இடம் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுதான்.

மெயின்டனன்ஸிலிருந்து உன்னை அனுப்பினார்கள். மண்ணூர்க்காரன், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவன், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பிலேயே நின்று நின்று 'தண்ணி குடு' என்பதைக்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி சொல்கிறவன். நீ என் மெஷினைத் தொடவே இல்லை. என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையளவு டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை எடுத்தாய். எந்த நிலையமும் எடுக்காத இடத்தில் முள்ளை வைத்து, காதோடு அழுத்திக்கொண்டு, சுவரோரமாகப் போகிற கேபிள் வழியே மெதுவாக நடந்தாய். லைனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பயத்தில். சுவருக்கு அந்தப்பக்கம் பிரஸ் ஷாப்பில் ஒரு பேனலுக்கு முன்னால் ரேடியோ கரகரவென்று கத்தியது. பிரஸ் இறங்கும்போதெல்லாம் அதற்குள் ஒரு ஸ்விட்ச் பொறி விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பொறிதான் இவ்வளவு தூரம் வந்து என் மெஷினைக் குழப்பியிருக்கிறது. நீ சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, "தப்பு இங்க கீது சார். அந்தப் புள்ள மேல பழியைப் போட்டுகினு கீறீங்க" என்றாய். என்னை ஒருவர் புள்ள என்று சொல்லி எனக்காகப் பேசியது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிடுமோ என்று பாத்ரூம் பக்கம் போய்விட்டேன்.

அப்புறம்தான் நீ ஒரு ஹாம் என்று தெரிந்தது. அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசுகிற ஆள். மண்ணூரில் உன் வீட்டு மாடியறையில் அந்த செட்டைப் பார்த்தபோது, ஏதோ பழைய ஸ்டெபிலைசர் என்றுதான் நினைத்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரம் வரைக்கும் ஒரு செம்புக் கம்பி கட்டியிருந்தாய். அதுதான் ஆன்டெனா. வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி உனக்கு ஒரு கால் சைன். மைக்கை அழுத்தி அதைச் சொல்லி நிறுத்துவாய். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு எங்கிருந்தோ ஒருவன் உன் கால் சைனைத் திருப்பிச் சொல்வான். அந்த ஒரு நொடியில் உன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே. பேச்சும் பெரிதாக ஒன்றும் இருக்காது. பேர், ஊர், எப்படிக் கேட்கிறது என்று ஒரு மார்க், அவ்வளவுதான். இதில் உனக்கு என்னதான் கிடைக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"நாள் பூரா கத்தினாலும் பிரஸ் ஷாப்புல பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காதுபா. சாய்ந்தரம் வூட்டுக்கு வந்து மெதுவாப் பேசினா ஜப்பான்காரனுக்குக் கேக்குது."

இதை நீ சும்மா போகிற போக்கில்தான் சொன்னாய். எனக்குத்தான் இன்றுவரை போகவில்லை.

உங்கள் ஹாம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேசியது பேசியதோடு போகாது, பதிவேட்டில் எழுதவேண்டும். யாருடன், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில். எதிர்ப்பக்கத்துக்காரனும் அதையே எழுதி, ஆமாம், இவனோடு பேசினேன் என்று ஒப்புக்கொண்டால்தான் அது கணக்கில் சேரும். முன்பெல்லாம் அதைத் தபால் அட்டையில் அனுப்புவார்களாம். உனக்கு வந்தது நாலைந்து அட்டை, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாய். பிறகு அதற்கென்று இணையத்தில் பதிவேடுகள் வந்தன. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பதிவை ஏற்றினால் அதுவே ஒத்துப்பார்த்து, பொருந்தினால் உறுதி செய்துவிடும். நேரம் மட்டும் அரைமணிக்குள் ஒத்துப்போகவேண்டும். உன்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. உன் பதிவெல்லாம் கோடு போட்ட நோட்டில் இருந்தது.

அங்கேதான் நான் வந்தேன். இரண்டாயிரத்துப் பத்தின் கடைசியில் தவணையில் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தேன். சோதனை மெஷின் எழுதித் தள்ளுகிற பதிவுகளைப் படிப்பதற்காகக் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். லைனில் இருந்த இன்ஜினியர்களுக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்று தலைகால் புரியாத நாட்கள் அவை. எந்த நாட்டு ஹாமோ ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் துண்டுகளை, எழுதி இணையத்தில் சும்மா போட்டிருந்தார். அதை நம் நிரலில் சேர்த்துக்கொண்டால் போதும். அது உன் பெயரில் பதிவேட்டுக்குள் போய், உன் பதிவுகளை ஏற்றும், யார் யார் ஒப்புக்கொண்டார்கள் என்று இறக்கிக்கொண்டும் வரும். நாற்பது வரியில் முடித்துவிட்டேன். நோட்டில் இருப்பது நம்ம ஊர் நேரம்தானே என்று உன்னிடம் கேட்டதும் நான்தான். உலகத்து ஹாம்கள் எல்லோரும் ஒரே நேரத்தைத்தான் எழுதவேண்டும், அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் என்பதை நீ அதுவரை கண்டுகொள்ளவே இல்லை. ஷிப்ட் நேரம் எழுதிப் பழகிய கை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆமாம்பா, கழிச்சிக்கோ என்றாய். நிரலில் ஒரு வரி சேர்த்தேன். எல்லா நேரத்திலிருந்தும் ஐந்தரையைக் கழி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்காருவோம். நீ நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசிப்பாய், நான் தட்டுவேன். உனக்கு எழுத்தை எழுத்தாக வாசிக்கத் தெரியாது. டி என்றால் டெல்டா, எல் என்றால் லிமா, ஜே என்றால் ஜூலியட் என்று ரேடியோவில் சொல்கிற மாதிரியேதான் வரும், அதுவும் பிரஸ் ஷாப் குரலில். உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊரே கேட்குது, யாரந்த ஜூலியட்டுனு பக்கத்து வூட்டுல கேக்கறாங்க என்று உன்னை வம்புக்கு இழுப்பாள். நீ இன்னும் உரக்க வாசிப்பாய். ஒரு பக்கம் முடிக்க இரண்டு டீ ஆகும். நான் ஒரு தடவைகூட நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை, உன் குரலே போதுமானதாக இருந்தது.

முதல் நோட்டை ஏற்றிய மறுநாள் காலை உன் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேனே, ஞாபகமிருக்கிறதா? திரையில் வரிசையாக இறங்கியது. ஜப்பான், இந்தோனேசியா, இத்தாலி, உக்ரைன். ஒரு வரிக்கு ஒரு நாடு, ஒரு கால் சைன். நாள், நேரமெல்லாம் திரையை அடைக்கிறது என்று நான்தான் வெட்டி, சுத்தமாக வைத்திருந்தேன். நீ ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். அந்த வாரம் கம்பெனி பஸ்ஸில் மொத்தப் பேருக்கும் மைசூர்பாகு கொடுத்தாய். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், எனக்கு இத்தாலில ஆள் கீது என்றாய்.

அதற்கு அடுத்த ஞாயிறு மாடியறையில் இந்தக் கடிகாரம் மாட்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் வாங்கினது. பகல் இரண்டரைக்கு அது ஒன்பது காட்டியது. என்ன, உன் கடிகாரம் இன்னும் ஃபர்ஸ்ட் ஷிப்டிலேயே நிற்கிறதா என்று நக்கலடித்தேன். அது உலக டைம்பா, இனிமே இதைப் பாத்துத்தான் எழுதுவேன் என்றாய். அப்படி நீ சொன்னாயா, உலக டைம் என்று மட்டும் சொன்னாயா? எத்தனை தடவை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அப்போது ஊரிலிருந்து போன் வந்தது, பெண் பார்க்கிற விஷயம். நான் பேசிக்கொண்டே தலையை ஆட்டியிருப்பேன். நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு புது நோட்டைத் திறந்திருப்பாய். அன்றைக்கும் வாசித்தாய். அன்றைக்கும் தட்டினேன்.

புது நோட்டிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

முதல் மாதம் நாம் கவலைப்படவில்லை, ஆட்கள் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள் என்றாய். மூன்று மாதம் ஆயிற்று. பழைய நோட்டில் விட்டுப்போனது எப்போதாவது ஒன்றிரண்டு சொட்டும். புதியதில் சுத்தமாக இல்லை. அந்த வருடம்தான் உன் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தை விற்று, தகரக்கூரை போட்டு ஒரு கோடவுன் கட்டினார்கள். நீ அதைச் சந்தேகப்பட்டாய். கம்பியை வேறு திசையில் கட்டினாய், உயரமாகக் கட்டினாய். ரேடியோவில் பேசும்போது ஆட்கள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், உனக்கு ஐந்து ஒன்பது என்று முழு மார்க்கும் போட்டார்கள். ஆனால் அந்த மார்க்கை மரியாதைக்காக எல்லோருக்கும் போடுகிற வழக்கமும் உண்டு. அது உனக்குத் தெரிந்திருந்ததுதான் வினையாகப் போயிற்று. சும்மா சொல்றானுங்கபா, என் பேரே சரியாக் கேட்டிருக்காது, கேட்டிருந்தா எழுதியிருப்பான்ல என்பாய். ஒவ்வொரு ஞாயிறும் நிரலை ஓட்டி முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாய். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

இப்போது எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தீபாவளி முடிந்த ஞாயிறு. நிரலில் ஏதும் தப்பு இருக்குமா என்று நீ கேட்டாய். ஒரே ஒரு தடவைதான் கேட்டாய், அதுவும் தயங்கித் தயங்கி, நான் கோபித்துக்கொள்வேனோ என்று. நான் திரையை உன் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஏற்றியது அத்தனையும் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று பதிவேட்டிலிருந்து வந்த செய்தி. பெற்றுக்கொள்வது வேறு, பொருந்துவது வேறு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் எரிச்சலில் சொன்னேன்.

"என் பக்கம் எல்லாம் ஓகே. உன் சிக்னல்தான் போய்ச் சேரல."

நம் கம்பெனியில் எல்லா லைனிலும் இதுதானே பேச்சு. என் ஸ்டேஷனில் ஓகே, அடுத்த ஸ்டேஷனைப் போய்க் கேள். நாலு வருடம் அதைக் கேட்டு நொந்தவன் நான். என் மெஷினுக்காக அப்படிச் சொல்லாமல், ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்த ஒரே ஆள் நீ. உன்னிடமே அதைச் சொன்னேன். சர்தான்பா என்றாய், நோட்டை மூடினாய். தங்கச்சி கொண்டுவந்த முறுக்கை இரண்டு பேரும் தின்றோம்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் நீ பேசினாய், ஞாயிறுகளில் வாசித்தாய், குரல் மட்டும் இறங்கியிருந்தது. இரண்டாயிரத்துப் பதிமூன்று பொங்கலுக்கு நான் வந்தபோது ஆன்டெனாக் கம்பி தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவில் இல்லை. கீழே இறக்கி, படிக்கட்டுப் பக்கம் கொடியாகக் கட்டியிருந்தாய். அதில் உன் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. செம்பாச்சே, துரு புடிக்காது என்று சிரித்தாய். எனக்குக் கல்யாணமாகித் தண்டலம் பக்கம் வீடு பார்த்துப் போன வருடம் அது. ஞாயிறுகள் குறைந்தன. பஸ்ஸில் பார்த்துக்கொண்டால் ஓ.டி. பற்றியும் வீட்டு வாடகை பற்றியும் பேசினோம். ரேடியோவைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கு ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் சரியாகிவிடும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வந்தாய். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி, ஒன்பதாம் நாள் நீ இல்லை. முப்பத்தாறு வயது. பிரஸ் ஷாப்பில் உனக்காக இரண்டு நிமிடம் எல்லா பிரஸ்ஸையும் நிறுத்தினார்கள். அந்த ஷாப் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அங்கே பக்கத்தில் நின்றவர் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது.

ஒரு வருடம் ஆனபிறகு தங்கச்சி போன் செய்தாள். மாடியறையை வாடகைக்கு விடப்போகிறாள், நம்ம தெற்கத்திப் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்களாம். "அவரு சாமான் அல்லாம் அங்கதான் கீது அண்ணா. கண்டவங்க கையி பட வாணாம், நீங்க எடுத்துகினு போங்க" என்றாள். செட்டு, மைக், இரண்டு நோட்டு, இந்தக் கடிகாரம். எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது நோட்டைப் பிரித்தேன். முதன்முதலாக என் கையால் பிரிக்கிறேன். முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் எழுதியிருந்தாய்:

'இனிமே எல்லாம் உலக டைம். கோவில்பட்டிக்கு கழிக்கிற வேலை மிச்சம்.'

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கம்பெனியில் வேறு யார் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்குப் பிடிக்காது, நீ கூப்பிட்டால் மட்டும் அது என் பேர். சிரித்துக்கொண்டே அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். லேப்டாப்பைத் திறந்து பழைய நிரலைத் தேடிப் பிடித்தேன். அந்த வரி அங்கேயே இருந்தது. எல்லா நேரத்திலிருந்தும் ஐந்தரையைக் கழி.

நீ எனக்கு வேலை மிச்சம் பண்ணுவதற்காகக் கடிகாரம் வாங்கி, கழித்தே எழுதியிருக்கிறாய். நான் அதிலிருந்து மறுபடியும் கழித்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ ஒரு ஜெர்மனிக்காரரோடு பேசினால், உன் நோட்டில் பன்னிரண்டரை. நான் ஏற்றியது காலை ஏழு மணி. அவர் தன் பக்கம் ஒழுங்காகப் பன்னிரண்டரை என்று எழுதி அனுப்பியிருக்கிறார். பதிவேடு இரண்டையும் பார்த்து, இது வேறு, அது வேறு என்று ஒதுக்கிவிட்டது. திரையில் நேரத்தை வெட்டாமல் விட்டிருந்தால், நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய். ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கடிகாரத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். என்னை எதால் அடிக்கலாம் சொல்.

இறந்துபோன ஹாமின் பதிவை ஏற்றலாமா என்று தேடினேன். உங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவரை சைலன்ட் கீ என்கிறார்கள். அவர் இருக்கும்போது நடந்த பேச்சு நடந்ததுதான், ஏற்றலாம் என்று இருந்தது. தங்கச்சிக்கு போன் செய்து, அவன் பதிவை ஒரு தடவை சரிபார்த்து ஏற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன். செய்ங்கண்ணா என்றாள். சிவப்புக் கோட்டுக்குப் பிறகு வருவதில் கழிக்காதே என்று நிரலை மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்தே நிமிடம். பழைய தப்பான பதிவுகளை அழிக்க வழியில்லை. அவை ஒன்றோடும் பொருந்தாமல் அங்கேயே கிடக்கும், கிடக்கட்டும். மறுநாள் காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிரலை ஓட்டினேன். இறங்க ஆரம்பித்தது நிற்கவே இல்லை. ஜெர்மனி, ரஷ்யா, ஓமன், ஆஸ்திரேலியா, கென்யா, பிரேசில். பாதிக்கு மேல் வந்துவிட்டது. எல்லாம் வருடக்கணக்காக அங்கேயே காத்துக்கொண்டிருந்த பதில்கள். டீ ஆறிப்போனது.

அன்றைக்கு மத்தியானமே மண்ணூர் போனேன். தங்கச்சி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள், அதே கம்பி. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், கழித்தல், அந்த ஞாயிறு நான் சொன்ன சொல் உட்பட எதையும் மறைக்கவில்லை. தப்பு என்னுடையது தங்கச்சி, அவன் சிக்னலில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு புடவையை மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்போ அவருக்கு அல்லாரும் பதில் சொல்லிகினுதான் இருந்தாங்களா?"

ஆமாம் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவள் எதிரில் உட்கார்ந்து, படிங்கண்ணா, யாரு யாருன்னு படிங்க என்றாள். லேப்டாப்பைத் திறந்து, டி எல் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். டெல்டா லிமா என்றுதான் படிக்கவேண்டுமாம். அவர் அப்படித்தான் படிப்பாராம். அப்படியே படித்தேன். சத்தம் போதவில்லை என்றாள். உன் குரலில் படித்தேன், ஊருக்கே கேட்கிற மாதிரி. கோடவுனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜூலியட் வந்தபோது மட்டும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "இதை அவருகிட்ட சொல்லிடுங்கண்ணா" என்றாள்.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

நிரல் இப்போது நேரத்தையும் காட்டுகிறது, திரை அடைத்தால் அடைக்கட்டும். நான் இன்று அதே லைனில் ஷிப்ட் இன்ஜினியர். யாராவது என் பக்கம் ஓகே என்று சொன்னால், அவனையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்துவிடுகிறேன். எனக்குக் கிறுக்கு என்று பேசிக்கொள்கிறார்களாம். எந்தப் பதிவைக் கொடுத்தாலும் இது யார் கடிகாரத்து நேரம் என்று முதலில் கேட்கிறேன். சொன்னால் நம்பமாட்டாய், பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. ஞாயிறு காலையில் நிரலை ஓட்டி, வந்ததைத் தங்கச்சிக்கு மெசேஜ் அனுப்புகிறேன். சில வாரம் ஒன்று, பல வாரம் ஒன்றுமில்லை.

ஒன்றுக்காக மட்டும் நான் தனியாகக் காத்திருந்தேன். உன் இரண்டாவது நோட்டின் கடைசி வரி. நீ கம்பியை இறக்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம், போர்ச்சுகலுக்கும் அப்பால் கடல் நடுவில் ஒரு தீவுக்காரரோடு பேசியிருக்கிறாய். நாள், நேரம், கால் சைன் எல்லாம் எழுதி, ஓரத்தில் சின்னதாக, 'கேட்டுச்சா?' என்று எழுதியிருக்கிறாய். நோட்டில் வேறு எங்கேயும் நீ இப்படி எழுதியதில்லை. மற்ற நாடெல்லாம் வந்தும் அந்த மனிதர் வரவில்லை. ஏற்றுகிற பழக்கம் இல்லாதவராக இருக்கலாம், அவருமே சைலன்ட் கீ ஆகியிருக்கலாம். நீ கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லாமல் உனக்கு என்ன எழுதுவது என்றுதான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

நேற்றுக் கடிகாரத்தை மாட்டிவிட்டு ஸ்டூலைவிட்டு இறங்கி, வழக்கம்போல நிரலை ஓட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. அந்தத் தீவு, அந்தக் கால் சைன், அதே நாள். பழைய நோட்டையெல்லாம் இப்போதுதான் ஏற்றுகிறார் போலிருக்கிறது. அவர் எழுதியிருப்பது பன்னிரண்டு நாற்பத்தொன்று. நோட்டை எடுத்துப் பார்த்தேன், நீ எழுதியிருப்பது பன்னிரண்டு நாற்பது. பதிவேட்டில் எழுதியதை அழிக்கவோ திருத்தவோ கூடாது என்பது உங்கள் சட்டம், அதனால் உன் எழுத்தைத் தொடவில்லை. அதற்குக் கீழே, பென்சிலால், நீ பேசுகிற மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன்.

கேட்டுச்சுபா.